பழைய இயங்குதளம் போன பிறகும் பூட் மெனுவில் நிற்கும் பெயர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதையொட்டி லினக்ஸுக்குப் போனவர்கள் உண்டு, போய்ப் பார்த்துவிட்டு விண்டோஸுக்கே திரும்பியவர்களும் உண்டு. எந்தப் பக்கம் போனாலும், கணினியை ஆன் செய்யும்போது பழையதன் பெயர் மெனுவில் நிற்பதைப் பார்த்திருப்பார்கள். அதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே எழுதுகிறேன்.

ஒரு சொல் முன்கூட்டியே: கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழில் கொடுத்திருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள். நான் இடைவெளி விட்டிருக்கும் இடத்தில் மட்டும் இடைவெளி விடுங்கள்.

டிஸ்க்கையே ஃபார்மேட் செய்துவிட்டேன். அப்புறமும் பெயர் எப்படி வருகிறது?

இயங்குதளம் இருந்த இடம் வேறு, பெயர் இருக்கிற இடம் வேறு. "இங்கே உபுண்டு இருக்கிறது, இந்த பார்ட்டிஷனில் இந்த ஃபைலைத் திறந்தால் அது தொடங்கும்" என்ற குறிப்பு மதர்போர்டில் உள்ள ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அதை என்விராம் என்பார்கள். யூஇஎஃப்ஐ முறையில் (கணினியைத் தொடங்கிவைக்கும் மதர்போர்டு மென்பொருளின் புதிய வகை; பழையது பயாஸ்) பூட் ஆகும் கணினிகளில் எல்லாம் இப்படித்தான். டிஸ்க்கைக் கழற்றி வேறொன்றை மாட்டினாலும் குறிப்பு மதர்போர்டோடு இருந்துவிடும்.

என்விராமைத் தவிர இன்னும் மூன்று இடங்களில் மிச்சம் தங்கலாம். பூட் ஃபைல்களுக்கென்றே இருக்கும் இஎஸ்பி என்னும் சின்ன பார்ட்டிஷன் ஒன்று. எஃப்ஏடி32-ல் இருக்கும் இதில் இஎஃப்ஐ என்ற ஃபோல்டரும், அதற்குள் மைக்ரோசாஃப்ட், உபுண்டு, ஃபெடோரா என்று ஆளுக்கொரு ஃபோல்டரும் இருக்கும். அடுத்து, விண்டோஸ் தனக்காக வைத்திருக்கும் பிசிடி என்ற பட்டியல். விஸ்டா காலத்திலிருந்து இதுதான். அதற்கு முன் பூட்.ஐஎன்ஐ என்ற சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் இருந்தது. கடைசியாக, லினக்ஸைத் தொடங்கிவைக்கும் கிரப் என்ற பூட் நிரல் படிக்கும் கிரப்.சிஎஃப்ஜி ஃபைல்.

நாலும் தனித்தனி. ஒன்றில் அழித்தால் மற்றதில் போகாது.

என் கணினியில் மிச்சம் எந்த இடத்தில் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அந்தப் பெயரை எந்தத் திரையில் பார்க்கிறீர்கள் என்பதை வைத்துத்தான்.

ஆன் செய்தவுடன் எஃப்12, எஃப்11, எஃப்9, எஸ்கேப் போன்ற ஏதோ ஒரு பட்டனைத் தட்டினால்தான் அந்தப் பட்டியல் வருகிறது என்றால், நீங்கள் பார்ப்பது என்விராம் பதிவு. நீலப் பின்னணியில் பெரிய கட்டங்களாக வந்து, இயங்குதளத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அது விண்டோஸின் பிசிடி. கறுப்பிலோ ஊதாவிலோ வெறும் எழுத்தாக வந்து, தலையில் குனூ கிரப் என்றும் பதிப்பு எண்ணும் போட்டிருந்தால் கிரப். தலைப்பே இல்லாமல் மொட்டையாக நான்கு வரி வந்தால் பெரும்பாலும் சிஸ்டம்டி-பூட், சில லினக்ஸ்களில் கிரப்புக்குப் பதிலாக இருக்கும் பூட் நிரல்.

கணினி யூஇஎஃப்ஐ முறையில் ஓடுகிறதா, பழைய பயாஸ் முறையிலா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் எம்எஸ்இன்ஃபோ32 என்று ரன் பெட்டியில் அடித்தால் பயாஸ் மோட் என்ற வரியில் எழுதியிருக்கும். லினக்ஸில் /சிஸ்/ஃபர்ம்வேர்/இஎஃப்ஐ என்ற ஃபோல்டர் இருந்தால் யூஇஎஃப்ஐ, இல்லாவிட்டால் பழைய முறை.

அதை அப்படியே விட்டுவிட்டால் ஏதாவது கெடுதலா?

கெடுதல் இல்லை. செத்த பதிவு வரிசையில் முதலில் இருந்தால் மதர்போர்டு அதை முயன்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகும், அவ்வளவுதான். தொந்தரவு இல்லையென்றால் வரிசையை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

கை வைப்பதற்கு முன் என்ன செய்துகொள்ள வேண்டும்?

முதலில் பிட்லாக்கர், அதாவது விண்டோஸின் டிஸ்க் பூட்டு. புதிய விண்டோஸ் லேப்டாப்களில், நீங்கள் கேட்காமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கலாம். பூட் தொடர்பாக எதையாவது மாற்றினால் அடுத்த முறை 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நின்றுவிடும். அந்தச் சாவியை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதிவையுங்கள். அதோடு பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் வசதியையும் பயன்படுத்துங்கள். சாவி கையில் இல்லாதவர்கள் இதற்கு மேல் ஒரு வரிகூடச் செய்து பார்க்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். டிஸ்க்கில் உள்ளது நிரந்தரமாகப் போய்விடும் ஆபத்து இந்த வேலை முழுவதிலும் இங்கேதான் அதிகம்.

அடுத்து, இப்போது பயன்படுத்தும் இயங்குதளத்தின் இன்ஸ்டால் பென் டிரைவ் ஒன்று தயாராக இருக்கட்டும். கட்டளை அடித்த பிறகு தேடாதீர்கள், அடிக்கும் முன்பே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீலத் திரையில் இரண்டு விண்டோஸ் வருகிறது. ஒன்றைத் தொட்டால் பிழை காட்டுகிறது.

இருப்பதில் இதுதான் சுலபம். ஓடுகிற விண்டோஸுக்குள் போய், ரன் பெட்டியில் எம்எஸ்கான்ஃபிக் அடித்து, பூட் என்ற டேபைத் திறங்கள். நீங்கள் இப்போது இருக்கும் விண்டோஸுக்கு எதிரே அதுதான் தற்போதையது என்று குறித்திருக்கும். மற்றதைத் தேர்ந்தெடுத்து டெலீட் கொடுத்துவிடுங்கள். பாதியில் நின்றுபோன அப்கிரேடுக்குப் பிறகு விண்டோஸ் செட்டப் என்றோ ரோல்பேக் என்றோ ஒரு வரி தங்கிவிடும். அதையும் இங்கேயே அழிக்கலாம்.

இதில் வராத வரிகளும் உண்டு. அதற்கு அட்மினிஸ்ட்ரேட்டராகக் கமாண்ட் பிராம்ட் திறந்து, முதலில் பிசிடிஎடிட் /எக்ஸ்போர்ட் என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு ஃபைல் பெயர் கொடுத்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பிசிடிஎடிட் /ஈனம் ஆல் என்றால் முழுப் பட்டியலும் வரும். அழிக்க வேண்டியதன் ஐடெண்டிஃபையரை, நெளிவு அடைப்புக்குறிகளோடு சேர்த்து, பிசிடிஎடிட் /டெலீட் என்பதற்குப் பின்னால் போடுங்கள். பவர்ஷெல்லில் அடிக்கிறவர்கள் அந்த அடைப்புக்குறி முழுவதையும் மேற்கோள் குறிக்குள் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பிழை வரும். பூட்எம்ஜிஆர், கரன்ட் என்று பெயர் போட்டவற்றைத் தொடவே கூடாது.

லினக்ஸை அழித்து விண்டோஸ் மட்டும் வைத்திருக்கிறேன். எஃப்12 பட்டியலில் உபுண்டு நிற்கிறது.

இங்கே வேலை இரண்டு: என்விராம் பதிவையும் அழிக்க வேண்டும், இஎஸ்பியில் உள்ள ஃபோல்டரையும் அழிக்க வேண்டும்.

பதிவுக்கு, அட்மினிஸ்ட்ரேட்டர் கமாண்ட் பிராம்டில் பிசிடிஎடிட் /ஈனம் ஃபர்ம்வேர் அடியுங்கள். ஃபர்ம்வேர் அப்ளிகேஷன் என்ற தலைப்பில் ஒவ்வொரு பதிவாக வரும். டிஸ்கிரிப்ஷன் வரியில் உபுண்டு என்றும், பாத் வரியில் \இஎஃப்ஐ\உபுண்டு\ என்று தொடங்கும் ஃபைல் பெயரும் இருப்பதைப் பிடித்து, அதன் ஐடெண்டிஃபையரை மேலே சொன்ன மாதிரி அழியுங்கள்.

ஃபோல்டருக்கு, அதே கறுப்புத் திரையில் மவுன்ட்வால் எஸ்: /எஸ் அடித்தால் இஎஸ்பி, எஸ் டிரைவாக வந்து நிற்கும். எஸ்: என்று அடித்து உள்ளே போய், சிடி இஎஃப்ஐ, பிறகு டிர். என்னென்ன ஃபோல்டர் இருக்கிறது என்று தெரியும். ஆர்டி /எஸ் உபுண்டு என்றால் நிச்சயமா என்று ஒரு முறை கேட்கும், ஒய் கொடுங்கள். மைக்ரோசாஃப்ட், பூட் என்ற இரண்டு ஃபோல்டரையும் விட்டுவிட வேண்டும். வேலை முடிந்ததும் சி: என்று வெளியே வந்து மவுன்ட்வால் எஸ்: /டி கொடுத்து டிரைவை மறைத்துவிடுங்கள்.

விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் மட்டும் வைத்திருக்கிறேன். கிரப்பில் விண்டோஸ் பூட் மேனேஜர் வருகிறது. அப்டேட்-கிரப் கொடுத்தும் போகவில்லை.

சி டிரைவ் இருந்த பார்ட்டிஷனைத்தான் நீங்கள் அழித்திருப்பீர்கள். கிரப்புக்காக மற்ற இயங்குதளங்களைத் தேடிக்கொடுக்கும் ஓஎஸ்-புரோபர் என்ற நிரல், யூஇஎஃப்ஐ கணினியில் சி டிரைவைப் பார்ப்பதில்லை. இஎஸ்பிக்குள் மைக்ரோசாஃப்ட் ஃபோல்டரில் பூட் ஃபைல் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. அது இருக்கிற வரை, விண்டோஸ் இருக்கிறது என்றே அது சொல்லும்.

ஆகவே /பூட்/இஎஃப்ஐ/இஎஃப்ஐ/ என்ற இடத்தில் உள்ள மைக்ரோசாஃப்ட் ஃபோல்டரை நீக்குங்கள். பிறகு சூடோ அப்டேட்-கிரப் (சூடோ என்றால் அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரத்தோடு ஓட்டு என்று பொருள்). ஃபெடோராவில் அந்தக் கட்டளை கிடையாது. அங்கே கிரப்2-எம்கேகான்ஃபிக் என்று அடித்து, ஹைபன் ஓ போட்டு, /பூட்/கிரப்2/கிரப்.சிஎஃப்ஜி என்று எழுத வேண்டும்.

கிரப்.சிஎஃப்ஜியை நேரடியாகத் திறந்து வரியை அழிக்கச் சொல்லும் யோசனையைக் கேட்காதீர்கள். அடுத்த கர்னல் அப்டேட்டில் அந்த ஃபைல் மறுபடி புதிதாக எழுதப்படும், நீங்கள் செய்தது போய்விடும். கிரப் 2.06 பதிப்பில், அதாவது 2021-லிருந்து, ஓஎஸ்-புரோபர் இயல்பாகவே முடக்கப்பட்டிருக்கிறது. உங்கள் டிஸ்ட்ரோ, அதாவது நீங்கள் போட்டிருக்கும் லினக்ஸ் வகை, அதைத் திரும்ப இயக்கியிருக்கலாம். உங்களுக்கு ஒரே இயங்குதளம்தான் என்றால் /இடிசி/டீஃபால்ட்/கிரப் ஃபைலில் கிரப்_டிஸேபிள்_ஓஎஸ்_புரோபர் என்பதை ட்ரூ ஆக்கிவிடுங்கள்.

என்விராம் பதிவுகளை லினக்ஸிலிருந்தே அழிக்க முடியுமா?

முடியும், என் அனுபவத்தில் இதுதான் மிகத் தெளிவான வழி. கருவியின் பெயர் இஎஃப்ஐபூட்எம்ஜிஆர், ஒரே சொல். சூடோ போட்டு அதை மட்டும் அடித்தால் இப்படி ஒரு பட்டியல் வரும்:

பூட்கரன்ட்: 0003
பூட்ஆர்டர்: 0003,0001,0000,0002
பூட்0000* விண்டோஸ் பூட் மேனேஜர்
பூட்0001* உபுண்டு
பூட்0002* ஃபெடோரா
பூட்0003* உபுண்டு

இதை நிதானமாகப் படியுங்கள். உபுண்டு இரண்டு தடவை வருகிறது. எது உயிரோடு இருப்பது? பூட்கரன்ட் பதில் சொல்கிறது: இப்போது நீங்கள் உள்ளே வந்தது 0003 வழியாக. அப்படியானால் 0001 பழைய டிஸ்க்கினுடையதாக இருக்கலாம். "இருக்கலாம்" போதாது, உறுதி வேண்டும். ஹைபன் வி சேர்த்து மறுபடி அடித்தால் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் எச்டி என்று தொடங்கி, ஜிபிடி என்று வந்து, நீளமான ஓர் அடையாள எண் வரும். அது அந்தப் பதிவு சுட்டும் பார்ட்டிஷனின் எண். இன்னொரு டெர்மினலில் சூடோ பிஎல்கேஐடி அடித்து, பார்ட்யூயூஐடி என்ற இடத்தில் உள்ள எண்களோடு ஒப்பிடுங்கள். 0001-ன் எண் அங்கே எங்குமே இல்லையென்றால் அந்த பார்ட்டிஷனே இப்போது இல்லை. தைரியமாக அழிக்கலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அந்தப் பழைய டிஸ்க்கைத் தற்காலிகமாகக் கழற்றி வைத்திருந்தாலும் இப்படித்தான் தெரியும்.

அழிப்பதற்கு: சூடோ இஎஃப்ஐபூட்எம்ஜிஆர், ஹைபன் சின்ன பி, 0001, ஹைபன் பெரிய பி. சின்ன பி எந்தப் பதிவு என்று சொல்கிறது, பெரிய பி அழி என்கிறது. எண்கள் பதினாறடிமானத்தில் இருக்கும். 0009-க்கு அடுத்து 0010 வராது, 000ஏ வரும். திரையில் தெரிவதை அப்படியே பார்த்து எழுதுங்கள்.

சந்தேகம் மிச்சமிருந்தால் பெரிய பி-க்குப் பதிலாகப் பெரிய ஏ போடுங்கள். பதிவு அழியாது, நட்சத்திரக் குறி மட்டும் போகும், அதாவது செயலிழக்கும். இரண்டு நாள் கணினியை அப்படி ஓட்டிப் பார்த்துவிட்டு அழிக்கலாம். நான் இப்போதெல்லாம் இப்படித்தான் செய்கிறேன்.

உபுண்டுவிலிருந்து லினக்ஸ் மின்டுக்கு மாறினேன். இன்னும் உபுண்டு என்றே வருகிறது. அழிக்கலாமா?

அழிக்காதீர்கள். அதுதான் உங்கள் மின்ட்.

லினக்ஸ் மின்ட் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது. இஎஸ்பியில் அது தன் ஃபைல்களை வைப்பதும் உபுண்டு என்ற ஃபோல்டரில்தான், என்விராமில் எழுதுவதும் உபுண்டு என்றுதான். குபுண்டு, ஸுபுண்டு எல்லாம் அப்படித்தான்.

இதை நான் தெரிந்துகொண்டது அழித்த பிறகு. மின்ட் போட்ட அன்றே பழையதைச் சுத்தம் செய்கிறேன் என்று பதிவையும் ஃபோல்டரையும் சேர்த்து அழித்துவிட்டு ரீஸ்டார்ட் கொடுத்தேன். பூட் செய்ய எந்தச் சாதனமும் இல்லை என்று ஒரே ஒரு வரி, கறுப்புத் திரையில். அடுத்த நாள் காலையில் ஒப்படைக்க வேண்டிய வேலை அந்த லேப்டாப்பில் இருந்தது. லைவ் பென் டிரைவிலிருந்து (நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் பென் டிரைவ்) கிரப்பை மறுபடி நிறுவி உள்ளே போகும்போது விடிகாலை ஆகிவிட்டது. ஃபைல் ஒன்றும் போகவில்லை. ஆனால் அந்த இரவை வேறு யாரும் கழிக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். மெனுவில் உள்ள பெயர் யாரோ இட்ட ஒரு சொல், அவ்வளவுதான். அந்தப் பதிவு எந்த பார்ட்டிஷனை, எந்த ஃபைலைச் சுட்டுகிறது என்று பார்த்துவிட்டு அழியுங்கள்.

அழித்தேன், ரீஸ்டார்ட் செய்தேன், திரும்ப வந்துவிட்டது. ஏன்?

இஎஸ்பியில் ஃபோல்டர் இன்னும் இருக்கிறது என்பதால். பல மதர்போர்டுகள் ஒவ்வொரு முறையும் இஎஸ்பிக்குள் எட்டிப் பார்த்து, தமக்குத் தெரிந்த பூட் ஃபைல்கள் இருந்தால் தாமே பதிவு எழுதிக்கொள்ளும். விண்டோஸின் பூட் ஃபைலுக்கு இது அதிகம் நடக்கிறது.

உபுண்டு, ஃபெடோரா வகைகளில் இன்னொன்றும் உண்டு. என்விராமில் பதிவு எதுவும் கிடைக்காவிட்டால் மதர்போர்டு இஎஃப்ஐ\பூட்\ ஃபோல்டரில் உள்ள பூட்எக்ஸ்64 என்ற பொது ஃபைலைத் திறக்கும். அதன் பக்கத்தில் எஃப்பிஎக்ஸ்64 என்று ஒரு சிறு நிரல் இருக்கும். அதன் வேலையே, மற்ற ஃபோல்டர்களில் உள்ள சிஎஸ்வி ஃபைலைப் படித்துத் தொலைந்த பதிவைத் திரும்ப எழுதுவதுதான். நல்ல எண்ணத்தில் செய்து வைத்த ஏற்பாடு, பலரைக் காப்பாற்றியும் இருக்கிறது. பதிவு உண்மையாகவே போக வேண்டுமென்றால் முதலில் ஃபோல்டர், பிறகு பதிவு, இந்த வரிசையில் அழியுங்கள்.

பயாஸ் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் எல்லாம் அழிந்துவிடாதா?

பெரும்பாலும் அழியாது. இந்தப் பதிவுகள் மின்சாரம் இல்லாமலே நிற்கும் ஃபிளாஷ் நினைவகத்தில் இருப்பவை. சில மதர்போர்டுகளின் செட்டிங்ஸிலேயே பூட் பதிவை நீக்கும் வசதி இருக்கும். அது இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

இன்னொரு "குறுக்குவழி"யைப் பற்றி எச்சரிக்க வேண்டும். லினக்ஸில் /சிஸ்/ஃபர்ம்வேர்/இஎஃப்ஐ/இஎஃப்ஐவார்ஸ் என்ற ஃபோல்டரில் இந்தப் பதிவுகள் ஃபைல்களாகத் தெரியும். அங்கே போய் ஆர்எம் கட்டளையால் அழிக்காதீர்கள். பூட் பதிவுகளோடு மதர்போர்டின் சொந்த அமைப்புகளும் அங்கேதான் இருக்கின்றன. 2016-ன் தொடக்கத்தில், ரூட்டிலிருந்து எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளை இந்த ஃபோல்டரையும் தொட்டுவிட்டதால் லேப்டாப் மொத்தமாக உயிர் போன சம்பவம் பேசப்பட்டது. அதன் பிறகு, அதே ஆண்டில் வந்த கர்னல் 4.5 முதல், இங்குள்ள பெரும்பாலான ஃபைல்கள் எளிதில் அழிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கின்றன. அந்தப் பூட்டை உடைக்கச் சொல்லும் எந்த வழிமுறையும் வேண்டாம்.

பழைய கணினி, யூஇஎஃப்ஐ இல்லை. லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்ததும் கிரப் ரெஸ்க்யூ என்று நின்றுவிட்டது.

பயாஸ் முறையில் பூட் நிரலின் முதல் துண்டு டிஸ்க்கின் முதல் செக்டரில் இருக்கிறது. 512 பைட்டில் நிரலுக்கு 446 பைட்தான். கிரப் அதற்குள் அடங்காததால் மீதியில் பெரும்பகுதியை லினக்ஸ் பார்ட்டிஷனில் வைத்திருந்தது. அதை நீங்கள் அழித்துவிட்டீர்கள். விண்டோஸ் இன்ஸ்டால் பென் டிரைவில் பூட் செய்து, ரிப்பேர் வழியாகக் கமாண்ட் பிராம்ட் போய், பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர் அடியுங்கள். முதல் செக்டரின் நிரல் விண்டோஸுடையதாக மாறிவிடும்.

புது எஸ்எஸ்டியில் விண்டோஸ் போட்டேன். பழைய டிஸ்க்கைக் கழற்றியதும் எதுவுமே பூட் ஆகவில்லை.

நிறுவும்போது பழைய டிஸ்க்கும் மாட்டியிருந்ததா? அப்படியானால் விண்டோஸ், புதிய எஸ்எஸ்டியில் இஎஸ்பி உண்டாக்காமல், பழைய டிஸ்க்கில் ஏற்கெனவே இருந்த இஎஸ்பியிலேயே தன் பூட் ஃபைல்களை வைத்துவிட்டது. பழைய டிஸ்க்கை மிச்சம் என்று நினைத்து ஃபார்மேட் செய்யும் முன் இதைப் பாருங்கள். புதிய டிஸ்க்கில் சில நூறு எம்பிக்கு எஃப்ஏடி32 பார்ட்டிஷன் ஒன்றை இஎஸ்பியாக உண்டாக்கி, கீழே சொல்லும் பிசிடிபூட் கட்டளையைக் கொடுத்தால் சரியாகும். இனிமேல் புதிதாக நிறுவும்போது மற்ற டிஸ்க்குகளின் கேபிளைக் கழற்றிவிட்டு நிறுவுங்கள்.

தவறானதை அழித்துவிட்டேன். என்ன செய்வது?

பதறாதீர்கள். உங்கள் ஃபைல்கள் இருக்கின்றன, போனது அவற்றுக்கான வழி மட்டும்.

விண்டோஸ் என்றால், இன்ஸ்டால் பென் டிரைவில் பூட் செய்து முதல் திரையிலேயே ஷிஃப்ட்டும் எஃப்10-ம் சேர்த்து அழுத்துங்கள். டிஸ்க்பார்ட், லிஸ்ட் வால்யூம் என்று அடித்து, எஃப்ஏடி32 என்று உள்ள சின்ன பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்து, அசைன் லெட்டர்=எஸ் கொடுத்து வெளியே வாருங்கள். பிறகு பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் எஸ்: /எஃப் யூஇஎஃப்ஐ. விண்டோஸின் பூட் ஃபைல்கள் திரும்ப எழுதப்படும். பென் டிரைவிலிருந்து வரும்போது விண்டோஸ் சி-யில் இல்லாமல் டி-யில் தெரியலாம், லிஸ்ட் வால்யூமில் பார்த்து அந்த எழுத்தைப் போடுங்கள்.

லினக்ஸில் ஃபோல்டர் இருந்து பதிவு மட்டும் போயிருந்தால், லைவ் பென் டிரைவை யூஇஎஃப்ஐ முறையில் பூட் செய்து, இஎஃப்ஐபூட்எம்ஜிஆரில் ஹைபன் சி போட்டு, டிஸ்க், பார்ட்டிஷன் எண், பெயர், ஃபைலின் பாதை ஆகியவற்றைக் கொடுத்தால் பதிவு திரும்ப வரும். ஃபோல்டரும் போயிருந்தால், உங்கள் லினக்ஸ் பார்ட்டிஷனை மவுன்ட் செய்து, அதற்குள் சிஎச்ரூட் ஆகி (பென் டிரைவில் இருந்தபடியே உங்கள் லினக்ஸுக்குள் நுழைந்து கட்டளை அடிப்பது), கிரப்-இன்ஸ்டால் கொடுக்க வேண்டும். இஎஸ்பியையும் அதற்குள் /பூட்/இஎஃப்ஐ என்ற இடத்தில் மவுன்ட் செய்த பிறகுதான் சிஎச்ரூட் ஆக வேண்டும். அதை மறந்தால் கிரப்-இன்ஸ்டால் இஎஸ்பியைக் கண்டுபிடிக்க முடியாமல் பிழை காட்டி நின்றுவிடும். நான் அந்த இரவில் இரண்டு மணி நேரம் தடுமாறியது இந்த ஒரு மவுன்டில்தான்.